ஊர்விதியும் உயிரிரக்கமும்

பெங்களூர் நகரின் கிழக்கெல்லைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில், பால் சங்கத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த அறிக்கை ஒன்றை அண்மையில் நாம் படிக்க நேர்ந்தது. கன்னடத்தில் அச்சிட்டு, அதன்கீழ்த் தமிழில் கையால் எழுதியிருந்தனர். நாய் வளர்ப்போர் அதனைக் கட்டியே வைத்தல் வேண்டும். ஆடு மாடுகள் புதிய குடியிருப்பின் சாலையில் நடமாடலாகாது. கோழிகள் பிறர் முற்றத்துள் புகலாகாது. மீறுவோர் தண்டம் இறுத்தல் வேண்டும். இவ்வளவே அதன் சாரம். நின்று படித்தவருள் சிலர் நகைத்தனர். சிலர் நல்ல ஏற்பாடு என்றனர். ஆடுகளை ஓட்டிவந்த மூதாட்டி ஒருவர், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்மை வினவினார். படித்துச் சொன்னோம். அவர் கூறிய மறுமொழியைப் பின்னர்ச் சொல்வோம்.

இவ்வறிக்கை ஓர் அற்பக் காரியமாகத் தோன்றலாம். நாய் கட்டுவதும் கோழி அடைப்பதும் தத்துவ விசாரணைக்கு உரிய பொருளா என்று அன்பர்கள் கேட்கலாம். நம் கருத்து வேறு. மனிதன் மனிதனுக்கு விதி செய்யும்போது, விதிக்கு ஆட்படுபவன் அவைக்கு வந்து மறுத்துரைக்கலாம். வாக்களித்து விதி செய்தவனை நீக்கலாம். நாய்க்கும் ஆட்டுக்கும் விதி செய்யும்போது, ஆட்படும் உயிர் அவைக்கு வாராது, வந்தாலும் வாயில்லை. ஆதலின் விதி செய்வோரின் உள்ளம் எத்தகையது என்பது வேறெங்கும் புலப்படாத அளவுக்கு இங்கே புலப்பட்டுவிடுகிறது.

2018-ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கென ஒரு துணைவிதி வெளியிட்டது. அடுக்ககத்து வீடு ஒன்றுக்கு ஒரு நாய், தனி வீட்டுக்கு மூன்று நாய் என்று அதில் வரம்பு கட்டியிருந்தனர். எதிர்ப்பு எழவே அது நிறுத்தி வைக்கப்பட்டது. எதிர்த்தோர் பலரும் எண்ணிக்கையைப் பற்றியே வாதாடினர். நமக்குத் தோன்றும் குறை எண்ணிக்கையில் இல்லை. வளர்ப்பவனின் கருணையையோ கவனத்தையோ அளக்காமல், அவன் வீட்டுச் சுவரை அளந்து விதி செய்தார்களே, அதுவே குறை. தோட்டமுள்ள மாளிகையில் மூன்று நாய்கள் ஆண்டு முழுதும் சங்கிலியில் கிடக்கலாம். ஓரறைக் குடியிருப்பில் இரண்டு நாய்கள் இனிது வாழலாம். முன்னதற்கு விதி இடங்கொடுக்கும், பின்னதற்குக் கொடாது.

புத்த ஜாதகக் கதைகளுள் குக்குர ஜாதகம் என்று ஒன்று உண்டு. நம் வாசகருட் பலர் சிறு வயதிற் கேட்டிருப்பர்; எனினும் இவ்விடத்தில் அதனை மீண்டும் நினைப்பது தகும். காசியை ஆண்ட மன்னன் ஒருநாள் உலாப் போய்த் திரும்பினான். அவன் தேர் வாரோடும் சேணத்தோடும் அரண்மனை முற்றத்தில் விடப்பட்டது. இரவு மழை பெய்து தோல்வார் நனைந்து ஊறியது. அரண்மனையில் செல்லமாக வளர்ந்த உயர்குல நாய்கள் இறங்கிவந்து அதைக் கடித்துத் தின்றுவிட்டன. காலையில் சேவகர்கள், நாய்கள் சாக்கடை வழியே உட்புகுந்து இது செய்தன என்று அரசனிடம் கூறினர். ஊரில் கண்ட நாயையெல்லாம் கொல்லுக என்று அவன் ஆணை பிறப்பித்தான். கொலைக்குத் தப்பிய நாய்கள் சுடுகாட்டுக்கு ஓடின. அங்கே நாய்க் கூட்டத்துக்குத் தலைவராகப் பிறந்திருந்த போதிசத்துவர் தனியே அரசவைக்குச் சென்று, எல்லா நாய்களையுமா கொல்கின்றீர் என்று வினவினார். அரண்மனை நாய்கள் நீங்கலாக என்றான் அரசன். குற்றவாளி இன்னார் என்று தெரியுமா என்றதற்குத் தெரியாது என்றான். பின்னர் அரண்மனை நாய்களுக்கு மோரும் தருப்பைப் புல்லும் கலந்து கொடுக்கச் செய்தார். அவை தின்ற தோல் துண்டுகள் வெளிப்பட்டன.

இக்கதையில் நாம் கருதவேண்டிய இடம் முடிவன்று. அரசனின் முதல் ஆணையே. அவன் கொடியவனல்லன். அவனுக்கு நட்டம் நேர்ந்தது உண்மை. நாய் செய்தது என்பதும் உண்மை. உண்மை இரண்டையும் வைத்துக்கொண்டு அநீதி செய்தான். விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் என்னும் நால்வகைக் கோணல் வழிகளில் நடுவுநிலை பிறழும் என்று பௌத்த நூல்கள் கூறும். தன் மடியில் வளர்ந்ததன்மேல் விருப்பும், தெருவிற் கிடந்ததன்மேல் வெறுப்பும் அவனைச் செலுத்தின. சாக்கடை வழியே வந்தன என்று சேவகர் சொன்னதும் உற்று நோக்கத்தக்கது. குற்றம் எப்போதும் சாக்கடைப் பக்கத்திலிருந்தே வரும் என்று நம்புவது மேல்மாடியில் வாழ்வோர்க்கு எளிது.

இனி நம் நகரத்துக்கு வருவோம். 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சில கிழமைகளின் இடைவெளியில், பெங்களூரில் இரு சிறு குழந்தைகள் தெருநாய்களால் கடியுண்டு மாண்டனர். அந்நிகழ்ச்சிகளை அடுத்து நாய்கள் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டன, பல கொல்லவும்பட்டன. இவ்விடத்தில் ஜாதகத்தைக் காட்டி எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட நாம் துணியோம். கதையில் கெட்டது ஒரு தோல்வார். இங்கே அழிந்தவை குழந்தைகளின் உயிர்கள். பிள்ளையை இழந்த தாயின் முன்நின்று ஜீவகாருண்யம் பேசுவது கருணையாகாது. நாய்க்கடியும் எல்லார்க்கும் ஒப்ப நேர்வதன்று. காரில் செல்வோனை நாய் கடிப்பதில்லை. விடியுமுன் குப்பை வாரச் செல்வோரையும், இரவுப் பணி முடிந்து நடந்து வருவோரையும், தெருவையே விளையாடுமிடமாகக் கொண்ட பிள்ளைகளையுமே அது கடிக்கிறது. வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழத் தப்பாமல் உயிரைக் கொள்ளும். காயத்தை உடனே சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தடுப்பூசியை முறையாகப் போட்டுக்கொண்டால் தப்பலாம். ஆனால் ஒருநாட் கூலியை விட்டு மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு அலைவது யாரால் இயலும்? இந்த அச்சத்தை அறியாதவர் பேசும் அன்பு முழுமையற்றது.

அவ்வாறாயின் கொல்வதே வழியா என்றால், அனுபவம் அன்று என்கிறது. 1832-இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல முற்பட்டபோது பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1910-இல் கான்ஸ்டான்டிநோபிள் நகரத்து நாய்களைத் திரட்டி ஒரு வறண்ட தீவில் கொண்டுபோய் விட்டனர். அவை பசியாலும் தாகத்தாலும் மடிந்தன. அந்நகரின் தெருக்களில் இன்றும் நாய்கள் உள்ளன. எச்சிலும் குப்பையும் கிடக்கும் இடத்தில் ஒரு நாயை அகற்றினால் அவ்விடத்துக்கு மற்றொன்று வரும். இதனை உணர்ந்தே, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே மீண்டும் விடும் முறையை இந்திய அரசு 2001-இல் விதியாக்கிற்று. 2023-இல் அவ்விதி புதுப்பிக்கப்பட்டது. பெங்களூரில் 2019-இல் எடுத்த கணக்கின்படி தெருநாய்கள் சுமார் 3,10,000. 2023-இல் எடுத்த கணக்கில் சுமார் 2,79,000. குறைவு பெரிதன்று; ஆயினும் கொலையின்றி நேர்ந்த குறைவு.

குப்பையைப் பற்றி ஒரு சொல். பெங்களூர் நகரம் தன் குப்பையைப் பல ஆண்டுகள் மண்டூர் என்னும் சிற்றூரில் கொண்டுபோய்க் கொட்டியது. அவ்வூர் மக்கள் நாற்றத்தாலும் நோயாலும் நொந்து போராடி, 2014-இல் அதனை நிறுத்தும் நிலைமைக்குக் கொண்டுவந்தனர். நகரம் தின்று எறிந்ததைச் சிற்றூர் சுமந்தது. எறிந்ததைத் தின்ன நாய்கள் கூடும். நாய்கள் கூடினால் நாய்க்கு விதி செய்வர். எறிந்தவனுக்கு விதி செய்வது மட்டும் எப்போதும் பிந்திப்போகிறது. ஜாதகத்து அரண்மனை நாய் யார் என்பதை அன்பர்களே தேர்ந்துகொள்ளலாம்.

விலங்குகளுக்காக விதி செய்த வேந்தருள் நாம் முதலில் நினைப்பது அசோகரை. நாம் வாழும் கன்னட நாட்டில் மஸ்கியிலும், பிரம்மகிரியிலும், சித்தாபுரத்திலும் அவர் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. அவருடைய இரண்டாம் பாறைச் சாசனம் மக்களுக்கும் விலங்குகளுக்கும் என இருவகை மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்ததைக் கூறி, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளையும் தாமிரபரணியையும் பெயர் குறிக்கிறது. ஐந்தாம் தூண் சாசனமோ ஏறத்தாழ ஓர் ஊர்விதியே. சினையுற்றதும் பால் கொடுப்பதுமான ஆடும் பன்றியும் கொல்லப்படலாகாது, ஆறு மாதம் நிரம்பாத குட்டியும் கொல்லப்படலாகாது, சேவலுக்கு விதையடிக்கலாகாது, உயிர்கள் உறையும் உமியைக் கொளுத்தலாகாது, ஓருயிரைக் கொண்டு மற்றோருயிரை ஊட்டலாகாது, குறித்த சில நாட்களில் எருதுக்கும் ஆட்டுக்கடாவுக்கும் பன்றிக்கும் விதையடிக்கவோ, குதிரைக்கும் எருதுக்கும் சூடிடவோ கூடாது.

உமி கொளுத்துவது வரையில் ஒரு பேரரசன் எண்ணிப் பார்த்திருக்கின்றான்! எனினும் அச்சட்டங்களைவிட நம்மைக் கவர்வது முதற் பாறைச் சாசனம். தம் அடுக்களையில் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் குழம்புக்காகக் கொல்லப்பட்டன என்று அவர் தாமே வெளியிடுகிறார். இப்பொழுது மூன்றே, இரண்டு மயிலும் ஒரு மானும், மானும் நாள்தோறும் இல்லை, இனி இவையும் இல்லாமற்போகும் என்கிறார். குடிமக்களின் பட்டியைச் சோதிக்கும் முன் தம் அடுப்பங்கரையைக் கல்லில் எழுதி வைத்தவர் அவர். இன்று விதி செய்யும் சங்கங்களும் மன்றங்களும் இவ்வரிசையைத் தலைகீழாக்கியிருப்பதையே நாம் காண்கிறோம்.

விலங்கு வளர்ப்பு விதிகளுக்கு மற்றொரு மரபும் இந்நாட்டில் உண்டு. அதைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், சண்டாளர் ஊருக்குப் புறத்தே வாழவேண்டும் என்றும், நாயும் கழுதையுமே அவர் செல்வம் என்றும் விதிக்கிறது. இன்னார் இன்ன பிராணியை வைத்துக்கொள்க என்று மனிதரைத் தரம் பிரிப்பதற்காகவே எழுந்த விதி அது. அதன் எச்சமாகத் தென் தமிழ்நாட்டின் சில ஊர்களில், தாழ்த்தப்பட்டோர் ஆண்நாய் வளர்க்கக் கூடாது என்னும் கட்டுப்பாடு நம் காலம் வரையிலும் இருந்ததைத் தீண்டாமையை ஆராய்ந்தோர் பதிந்துள்ளனர். நாய்க்கும் சாதி கற்பித்த ஊர் அது. 1927-இல் அம்பேத்கர் பெருமான் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். விலங்குகள் தடையின்றிப் பருகிய அந்நீரை மனிதருள் ஒரு பகுதியார் தொடக் கூடாதென்று இருந்தது. ஆகவே விலங்கின்பால் இரக்கம் என்று எவரேனும் வாய் திறந்தால், நம் மக்கள் சற்றே ஐயத்தோடு நோக்குவதில் வியப்பில்லை. அவ்விரக்கத்தின் நிழலில் அவர்கள் பலகாலம் அவமதிக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஆயினும் இதனால் இரக்கத்தையே கைவிடுவது, திருடன் உடுத்தான் என்று வேட்டியை எறிவது போலாகும். நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறு இரண்டையும் ஒருங்கே காட்டுகிறது. தாயால் கைவிடப்பட்ட அக்குழந்தையை ஏழு நாள் பாலூட்டிக் காத்தது ஒரு பசு. வளர்ந்த பின் வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போனான், பிடிபட்டான், அடியுண்டான், ஊரை விட்டுத் துரத்தப்பட்டான். பிறப்பை இழித்துப் பேசியவர்களும் பசுவைக் கொல்லக் கட்டியவர்களும் அங்கே ஒருவரே. உயிரின் துன்பத்தைக் கண்டு கட்டவிழ்த்தவனையே மனிதனல்லன் என்று தள்ளினர்.

மாடுகளைப் பற்றிய விதி நாய்களைப் பற்றியதினும் பழையது. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், பயிரை மேய்ந்த மாட்டைப் பவுண்டு என்று வழங்கும் பட்டியில் அடைத்துத் தண்டம் வாங்க வழி செய்தது. உடையவன் ஏழு நாளில் வாராவிடில் அறிவிப்பு. அதன்பின்னும் வாராவிடில் ஏலம். பசவனகுடி எருதுக் கோயிலைப் பற்றி வழங்கும் கதையும் இப்பொருளைத் தொட்டதே. நிலக்கடலைப் பயிரை நாள்தோறும் மேய்ந்த எருதை உழவன் ஒருவன் தடியால் அடிக்க, அது அவ்விடத்திலேயே கல்லாய் அமர்ந்ததாம். இன்றும் கார்த்திகை மாதத்தில் அங்கே கடலைக்காய்ப் பரிசை நடைபெறுகிறது. அந்த உழவனைக் கொடியவன் என்று கதை சொல்வதில்லை. அவன் பயிர் அவனுக்கு உயிர். எருதுக்கும் பசி. இரண்டு நியாயங்கள் ஒரு வயலில் மோதியதைத்தான் மக்கள் கல்லாக்கி வைத்திருக்கிறார்கள் போலும்.

அன்று மாடு மேய ஓர் இடமாவது இருந்தது. கர்நாடக வருவாய் விதிகளின்படி ஊரில் நூறு மாட்டுக்குச் சுமார் 30 ஏக்கர் வீதம் கோமாளம் என்னும் மேய்ச்சல் நிலம் ஒதுக்கப்பட வேண்டும். நகரம் பெருகப் பெருக, பெங்களூரைச் சுற்றிய ஊர்களில் அந்நிலம் மனைகளாகவும் சாலைகளாகவும் தொழிற்கூடங்களாகவும் மாறிற்று. ஹள்ளி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பேருந்துப் பலகையில் எஞ்சியிருக்கின்றன. ஹள்ளியின் மந்தை எஞ்சவில்லை. பால் கறந்தபின் மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிடுவதும், அது குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக் பையைத் தின்று வயிறு வீங்கி மடிவதும் நாம் நேரிற் காண்பவை. அவிழ்த்துவிட்டவனைக் கண்டிக்கிறோம். கண்டிக்கத்தான் வேண்டும். ஆயினும், மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொண்ட பின் மாட்டைக் கட்டிப்போடு என்று விதிப்பது பாதி விதியே.

இதனோடு சேர்த்து எண்ணவேண்டியது 2021-இல் இம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த பசுவதைத் தடைச் சட்டம். பதின்மூன்று வயது கடந்த எருமை நீங்கலாக மற்ற மாட்டினம் யாவும் அறுப்புக்குத் தடுக்கப்பட்டுள்ளன. கொல்லாமை நம் முதற் சீலம். கொலை குறைவதை நாம் வெறுப்பதற்கில்லை. ஆயின் கிழட்டு மாட்டுக்குத் தீனி வைக்கும் செலவு யாரைச் சார்ந்தது? சட்டம் செய்தவரைச் சார்ந்ததன்று. இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவனைச் சார்ந்தது. ஒருவனுடைய சீலத்துக்கு மற்றொருவன் விலை கொடுப்பது தானமுமன்று, தம்மமுமன்று. மாட்டிறைச்சியை உணவாகவும் தோலைத் தொழிலாகவும் கொண்ட மக்களை இச்சட்டத்தின் பெயரால் வழிமறித்து அச்சுறுத்துவோர்க்கு, கொல்லாமை என்னும் சொல்லை எடுத்தாளும் தகுதி இல்லை என்பதே நம் துணிபு.

விலங்கு வதைத் தடைச் சட்டம் 1960-இல் நிறைவேறியது. அதற்கு வித்திட்டவர் மாநிலங்களவையில் தனி உறுப்பினர் மசோதாக் கொணர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். நாயை வழக்கமாகச் சங்கிலியில் கட்டிவைத்து அதற்கு உலாவ இடங்கொடாதிருப்பது அச்சட்டத்தின்படி குற்றம். உணவும் நீரும் நிழலும் கொடாதிருப்பதும், காரணமின்றிக் கைவிடுவதும் குற்றமே. நாம் பால் சங்கத்துச் சுவரிற் கண்ட அறிக்கையின் முதல் விதி, நாயைக் கட்டியே வைக்கவேண்டும் என்றது. எழுதியவர்கள் சட்டத்தைப் பார்த்திருந்தால், தாம் விதிப்பது ஏறத்தாழக் குற்றத்தையே என்று கண்டிருப்பர். தண்டமோ, முதல் முறை பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. அறுபதாண்டு கடந்தும் அதுவே நிற்கிறது. அன்று அது பெருந்தொகை. இன்று பெங்களூரில் அதைக் கொண்டு நாய்க்கு ஒரு கழுத்துப்பட்டையும் வாங்க முடியாது.

2025-ஆம் ஆண்டில் இவ்விவகாரம் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே சென்றது. ஆகஸ்டு 11-இல் இரு நீதிபதிகள், தில்லிப் பகுதித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு ஆணையிட்டனர். பதினொரு நாள் கழித்து மூன்று நீதிபதிகள் அதனை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடுக, வெறிநோய் கொண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடாதிருக்க என்றனர். உணவிடுவதற்கு இடம் குறித்து ஒதுக்கவும் பணித்தனர். நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றவும், நெடுஞ்சாலைகளிலிருந்து மாடுகளை அகற்றவும் மற்றோர் ஆணை வந்தது. அதே ஆண்டில் பெங்களூர் மாநகராட்சி ஏறத்தாழ ஐயாயிரம் தெருநாய்களுக்குக் கோழிச்சோறு இடும் திட்டம் ஒன்றை, ஆண்டுக்கு 2.88 கோடி ரூபாய் என்று கணக்கிட்டு அறிவித்தது. பலர் எள்ளி நகையாடினர். பசித்த நாய் கடிக்கும், பசியாறிய நாயைப் பிடித்து ஊசி போடுவது எளிது என்பதில் அறிவு இருக்கிறது. எனினும் ஓருயிரைக் கொண்டு மற்றோருயிரை ஊட்டலாகாது என்ற அசோகரின் வரி நினைவுக்கு வந்ததையும் மறைப்பதற்கில்லை.

மூர்க்கமான நாய் எது என்று யார் தீர்மானிப்பது? இவ்வினாவுக்கு நம்மிடம் தெளிந்த விடை இல்லை. ஒரு குழந்தையைக் கடித்த நாயை அதே தெருவில் விடுக என்று சொல்ல நம் நா எழவில்லை. அதனைக் கொல்லுக என்று சொல்லவும் எழவில்லை. அத்தகையவற்றைத் தனியே வைத்துக் காக்கும் செலவை ஊர் ஏற்க வேண்டும் என்பது வரையில் சொல்வோம். ஏற்பதென்றால் வரியாக ஏற்பது. கருணை என்பது வீட்டு வரிச்சீட்டில் ஒரு வரியாக வந்து நிற்கும்போது எத்தனை பேர் அதனை விரும்புவர் என்பதை நாம் அறியோம்.

பெங்களூர் அரசு அருங்காட்சியகத்துக்கு உரிய ஆதக்கூர்க் கல்வெட்டைச் சிலர் கண்டிருப்பர். தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டதைக் கூறும் பத்தாம் நூற்றாண்டுக் கல் அது. ஆனால் அக்கல் நடப்பட்டது அவனுக்காக அன்று. காளி என்னும் வேட்டை நாய்க்காக. காட்டுப்பன்றியோடு பொருது, அதனைக் கொன்று, தானும் மடிந்த அந்நாய்க்கு, அதனைப் பரிசாகப் பெற்றிருந்த மணலேரன் என்னும் வீரன் கல் நட்டு நிலமும் விட்டான். திருவண்ணாமலைப் பகுதியில் உள்ள எடுத்தனூரிலும், மகேந்திரவர்மன் காலத்தில், கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாய்க்கு நடுகல் எடுத்தனர். நாயைத் தன்னோடு வாழும் ஓருயிராக, பெயரிட்டு அழைத்த ஊர்கள் அவை. வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டதால் தானே பெயரிட்டனர் என்று கேட்கலாம், உண்மைதான். பயன்படாத நாய்க்கும் ஆட்டுக்கும் ஊரில் இடம் என்ன என்பதே இன்றைய கேள்வி.

இனி அந்த மூதாட்டியின் மறுமொழி. அவருக்குப் பதினொரு ஆடுகள். அறிக்கையை முழுதும் படித்துக் காட்டியதும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சரி தம்பி, ரோட்டுல போகக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. ஆடு எங்க போகணும்னு எழுதியிருக்காங்களா, நல்லாப் பாரு” என்றார். நாம் மறுமுறையும் மேலிருந்து கீழ்வரை, கன்னடத்தையும் தமிழையும் படித்துப் பார்த்தோம். அப்படி ஒரு வரி அதில் இல்லை. இல்லை அம்மா என்றோம். அவர் ஆடுகளைத் திருப்பிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனார். அங்கேயும் கம்பிவேலி போட்டிருந்தது தொலைவிலேயே தெரிந்தது.